விசா வந்துவிட்டது, சரி. வேலைக்கு என்ன ஏற்பாடு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்வி இணைப்பிதழில் வெளிநாட்டுப் படிப்பு பற்றிப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தீர்கள். எந்த நாட்டில் எவ்வளவு கட்டணம், ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் தேர்வில் எவ்வளவு வாங்க வேண்டும், கடைசித் தேதி என்ன, எல்லாம் இருந்தது, உபயோகமாகவும் இருந்தது. படித்து முடித்த மறுநாள் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், தேதிகளிலும் தொகைகளிலும் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

நான் குழித்துறைக்காரன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிக் காலத்தில் கல்விக் கடன் கோப்புகள்தான் என் மேசையில். மார்த்தாண்டம் மேம்பாலத்தை விட்டு இறங்கி களியக்காவிளை சோதனைச்சாவடி வரைக்கும் ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பாருங்கள், நகைக்கடை போர்டுக்கு அடுத்தபடியாக வெளிநாட்டுப் படிப்பு போர்டுதான். எல்லாப் போர்டிலும் ஒரு பிள்ளை கறுப்பு அங்கியும் தொப்பியுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கும். அந்த அங்கியைக் கழற்றிய பிறகு உள்ள கதை எந்தப் போர்டிலும் இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்களை இதில் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் எங்களுக்கு வெளிநாடு என்றால் முதலில் கல்ஃப். அங்கே விசா வந்தது என்றால் வேலை வந்தது என்று அர்த்தம். அரபியோ கம்பெனியோ அங்கிருந்து விசா அனுப்பும், திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போதே சம்பளம் இவ்வளவு, தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டா இல்லையா என்பது வரைக்கும் தெரியும், போய் இறங்கினால் மச்சினன் வந்து கூட்டிப் போவான். நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே முறைதான், வேலை உறுதியான பிறகுதான் பயணம். இரண்டு தலைமுறையாக இதைப் பார்த்துப் பழகிய அப்பாக்கள், மாணவர் விசா கைக்கு வந்த அன்றைக்கே ‘பிள்ளை செட்டில் ஆகிவிட்டான்’ என்று லட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள். இந்த விசா அப்படிப்பட்டது இல்லை. இதில் முதலில் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள், வேலை கடைசியில், அதுவும் நாமே தேடிக்கொள்ள வேண்டியது, அதற்கும் கெடு வைத்திருக்கிறார்கள்.

கடனுக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது வழக்கம், படித்து முடித்து என்ன வேலைக்குப் போவாய் என்று. “அங்க போய்ப் பாத்துக்கலாம் சார்” என்பதுதான் பெரும்பாலும் பதில். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அப்பாவின் கையில் ரப்பர் விளையின், அதாவது தோட்டத்தின், பத்திரம் இருக்கும். ஈடு என்ன, ஜாமீன் யார், அப்பாவின் வருமானம் என்ன என்றெல்லாம் படிவத்தில் கேள்வி உண்டு. படித்த பிறகு எந்த வேலை, அதற்கு அந்த நாட்டில் என்ன சம்பளம், யார் எடுக்கிறார்கள் என்று யாரும் உருப்படியாகக் கேட்பதில்லை. வங்கிக்கு விளை இருந்தால் போதும்.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம், என் மேசைக்கு வந்த கோப்புகளில் அதிகம் அந்த நாடுதான். முதுகலை அங்கே பெரும்பாலும் ஒரே வருடம், செப்டம்பரில் தொடங்கும். முடித்தபின் அங்கேயே இருந்து வேலை தேடவும் பார்க்கவும் ‘கிராஜுவேட் ரூட்’ என்று ஒரு விசா, 2021 ஜூலையில் வந்தது. இரண்டு வருடம் என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அது 18 மாதம்தான், பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும் மூன்று வருடம். அதாவது 2026 செப்டம்பரில் போய்ச் சேருகிற பிள்ளைக்குக் கிடைப்பது 18 மாதம். அதை நீட்டிக்க முடியாது, இரண்டாம் தடவை கிடைக்காது. அதற்குள் ஸ்பான்சர் செய்கிற, அதாவது வெளிநாட்டு ஆளை எடுக்க உரிமம் பெற்ற, நிறுவனத்தில் வேலை பிடித்து ‘ஸ்கில்டு வொர்க்கர்’ என்ற வேலை விசாவுக்கு மாற வேண்டும். அதற்கான பொதுச் சம்பள வரம்பு வருடத்துக்கு 26,200 பவுண்டாக இருந்தது, 2024 ஏப்ரலில் 38,700 ஆனது, 2025 ஜூலை 22 முதல் 41,700. படிப்பு முடித்து மாறுகிறவர்களுக்குச் சலுகை உண்டு, 33,400 போதும், ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒரு சம்பளம் நிர்ணயித்திருக்கிறார்கள், அதில் 70 சதவீதம் இந்தத் தொகையைத் தாண்டினால் அதைத்தான் பார்ப்பார்கள். வேலையும் பட்டதாரித் தரத்து வேலையாக இருக்க வேண்டும் என்று அதே 2025 ஜூலையில் ஆக்கிவிட்டார்கள். சூப்பர் மார்க்கெட்டில் நல்ல பெயர் எடுத்து அப்படியே நின்றுவிடலாம் என்ற கணக்கு அத்தோடு போயிற்று. முதியோர் இல்லப் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் அன்றைக்கே நின்றது. “படிப்பு சும்மா பேருக்கு, கேர் ஹோமில் ஏற்றிவிடுவோம்” என்று இன்னும் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தக் கெடுவைவிட மோசமான கெடு ஒன்று இருக்கிறது. அங்கே பெரிய நிறுவனங்கள் பட்டதாரிகளை எடுப்பதற்கு ஒரு பருவம் வைத்திருக்கின்றன. அடுத்த வருடம் செப்டம்பரில் சேர வேண்டியவர்களுக்கு இந்த வருடம் செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பம் திறந்துவிடும், பலது டிசம்பருக்குள் மூடிவிடும், சிலது ஆள் கிடைத்ததும் அதற்கு முன்பே. நம் பிள்ளை செப்டம்பர் கடைசியில் போய் இறங்கி, அறை தேடி, சிம் கார்டு வாங்கி, வங்கிக் கணக்குக்கு அலைந்து, பார்ட் டைம் வேலை பிடித்து, குளிர் பழகி நிமிரும்போது கிறிஸ்துமஸ் வந்திருக்கும். மெயின் வாசல் சாத்தியாயிற்று என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த செப்டம்பரில் டிஸர்டேஷன் என்கிற ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, ‘இனி வேலை தேடலாம்’ என்று கிளம்புவான். அதனால் வேலை தேடுவது இங்கே இருக்கும்போதே தொடங்க வேண்டிய காரியம். பல்கலைக்கழகத்தின் ஆஃபர் லெட்டர் வந்ததற்கும் விமானம் ஏறுவதற்கும் நடுவே மூன்று நான்கு மாதம் சும்மாதானே கிடக்கிறது, சொந்தக்காரர் வீடுகளில் விருந்து சாப்பிடுவதைத் தவிர வேறு என்ன வேலை?

அந்த மாதங்களில் முதலில் செய்ய வேண்டியது சிவியை, அதாவது வேலைக்கு அனுப்புகிற தன்விவரக் குறிப்பை, தீயில் போடுவது. என் தங்கை மகள் போகும்போது கொண்டுபோன சிவியை நான் பார்த்தேன், பிரவுசிங் சென்டரில் நூறு பேருக்கு அடித்துக் கொடுத்த அதே மாதிரி. மேலே பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆனதா, பாஸ்போர்ட் எண், தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு, கீழே ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்’, இடம், தேதி, கையெழுத்து. அவளுடைய பல்கலைக்கழகத்தில் வேலை ஆலோசனைக்கு என்று ஓர் அலுவலகம், அங்கே இருந்த அம்மா பேனாவை எடுத்து போட்டோவிலிருந்து கையெழுத்து வரைக்கும் கோடு போட்டுவிட்டாராம். மிஞ்சியது கால் பக்கம். அதில் ஒரு வரி, முந்திரி ஏற்றுமதி அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன் என்று. என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். “டாக்குமெண்ட் எல்லாம் பார்த்துக்கொள்வேன்.” எந்த டாக்குமெண்ட்? தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னருக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் எல்லாம் இவள்தான் தயார் செய்வாள், ஒரு எழுத்து மாறினாலும் வாங்குகிற நாட்டில் சரக்கு நின்றுவிடும், அப்படி நின்ற சரக்கை விடுவித்தும் இருக்கிறாள். இதெல்லாம் ஒரு திறமை என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. மாதம் எத்தனை கண்டெய்னர், எத்தனை நாட்டுக்கு, தவறு குறைய என்ன செய்தாள் என்று எண்ணிக்கையோடு எழுதியபோது அந்த ஒரு வரி ஆறு வரி ஆயிற்று. சப்ளை செயின் படிக்கப் போன பிள்ளைக்கு அந்த ஆறு வரிதான் பட்டத்தைவிடப் பெரிதாக உதவியது.

அந்த அலுவலகத்துக்குக் காசு தனியாகக் கிடையாது, கட்டணத்திலேயே சேர்ந்தது. சிவி பார்ப்பார்கள், மாதிரி நேர்காணல் நடத்துவார்கள், எந்த நிறுவனம் எப்போது வளாகத்துக்கு வருகிறது என்று சொல்வார்கள். படிப்பு முடிந்த பிறகும் கொஞ்ச காலம் உதவுகிற பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. முதல் வாரத்திலேயே போய் ஆளைப் பார்த்துப் பெயர் பதிந்து வைத்துவிட வேண்டும். நம் பிள்ளைகள் கடைசி மாதம் வரைக்கும் அந்தக் கதவைத் தட்டுவதே இல்லை, ‘நமக்கு ஏஜன்சி இருக்கே’ என்ற நினைப்பு. ஏஜன்சிக்கு வேலை நீங்கள் விமானம் ஏறியதோடு முடிந்தது.

அடுத்தது ஸ்பான்சர் பட்டியல். வெளிநாட்டு ஆளை எடுக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பெயர் முழுவதையும் பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது, ஒரு லட்சத்துக்கும் மேல். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே உங்களை எடுத்துவிட மாட்டார்கள், ஆனால் இல்லாத நிறுவனத்துக்கு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்காமல் இருக்கலாம். விண்ணப்பத்தில் ‘இப்போதோ பிறகோ உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா’ என்று கேட்பார்கள். பொய் எழுதக்கூடாது, பின்னால் மாட்டிக்கொள்ளும். உண்மையை எழுதினால் பல இடங்களில் அந்த நொடியே தள்ளிவிடும். ஆகவே அந்தக் கேள்வியைத் தாங்குகிற நிறுவனங்களை முன்கூட்டியே சலித்து வைத்துக்கொள்வதுதான் புத்தி. களியக்காவிளையில் உட்கார்ந்தபடியே செய்யலாம், நெட் பேக் இருந்தால் போதும்.

நேர்காணல் பற்றிக் கொஞ்சம். பாடத்தில் கேள்வி வரும் என்று நம்மவர்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே கேட்பது வேறு. கூட வேலை பார்த்தவரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தாய், கெடுவுக்குள் முடியாத வேலையை எப்படிச் சமாளித்தாய், இப்படி. நிலைமை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ என்ன செய்தாய், விளைவு என்ன என்ற வரிசையில் ஒரு சம்பவமாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் அடக்கமாக ‘எல்லாரும் சேர்ந்து முடித்தோம் சார்’ என்று புகழைப் பங்கு வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், எதிரே இருப்பவர் எழுதிக்கொள்ள ஒன்றும் இருக்காது. கல்லூரி ப்ராஜெக்ட், சர்ச் இளைஞர் சங்கம், கோயில் விழாக் கமிட்டி, வெள்ள நிவாரணம், எதுவானாலும் சரி, ஏழெட்டு சம்பவங்களை எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். இங்கிலீஷில். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளமும் தாய்மொழி மாதிரிதான், அங்கே போய் ஒரு வீட்டில் தமிழும் மலையாளமுமாக எட்டுப் பேர் சேர்ந்து இருந்துவிடுகிறார்கள், வாடகைக்கு அது நல்லது, கப்பைக் கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும், வருடம் முடியும்போது இங்கிலீஷ் மட்டும் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதிய அன்று இருந்ததைவிடக் கீழே போயிருக்கும்.

பார்ட் டைம் வேலையைப் பற்றி உபதேசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை, வாடகை கொடுக்க வேண்டுமே. பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. அதற்கு மேல் கையில் காசு வாங்கிக்கொண்டு பார்ப்பவர்கள் அடுத்த விசாவையே பணயம் வைக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். அதே 20 மணி நேரத்தைப் பல்கலைக்கழக நூலகத்திலோ, மாணவர் தூதர் என்று ஆள் எடுப்பார்களே அந்த வேலையிலோ போட முடிந்தால், நற்சான்று கொடுக்க ஓர் ஆளும் கிடைப்பார். நள்ளிரவு கிடங்கு வேலையில் அது நடக்காது.

அப்புறம் ஒரு விஷயம், இது பலருக்குத் தெரியாமல் சிக்கலாகிறது. கிராஜுவேட் விசாவுக்குப் பிரிட்டனுக்குள் இருந்துதான் விண்ணப்பிக்க முடியும், அதுவும் மாணவர் விசா முடிவதற்குள், படிப்பு முடிந்ததைப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பிறகு. அக்கா கல்யாணம் என்று ஊருக்கு வந்து, மாணவர் விசா காலாவதியான பிறகு இங்கிருந்து விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தால் கதை முடிந்தது. விண்ணப்பித்துவிட்டு முடிவு வருமுன் வெளியே வந்தாலும் விண்ணப்பம் ரத்து. கல்யாணத்தை வீடியோ காலில் பார்க்கட்டும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, படித்தபின் வேலை தேட 18 மாதம். பாடம் இங்கிலீஷில் இருக்கும், வேலை இடத்தில் பேச்சு ஜெர்மனில் இருக்கும். பி1 அல்லது பி2 என்கிற நடுத்தர அளவு ஜெர்மன் இல்லாமல் இயந்திரவியல் படித்தவனுக்கு அங்கே பெரிதாக இடமில்லை. திருவனந்தபுரத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிற கோத்தே மையம் இருக்கிறது, மார்த்தாண்டத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பலாம், இங்கேயே தொடங்கிவிட வேண்டும். வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம், அதையும் படிப்புக்குச் சம்பந்தப்பட்ட நிறுவனத்தில் மாணவத் தொழிலாளராகப் பார்த்தவர்களைத்தான் பிறகு அந்த நிறுவனங்களே வைத்துக்கொள்கின்றன. கனடாவில் படிப்புக்குப் பின்னான வேலை அனுமதி எல்லாக் கல்லூரிக்கும், எல்லாப் படிப்புக்கும் கிடையாது. 2024 நவம்பர் 1 முதல் மொழித் தேர்வு மதிப்பெண்ணும் கேட்கிறார்கள், பட்டம் அல்லாத படிப்புகளில் பல எந்தத் துறை என்று பார்த்தே அனுமதி. அமெரிக்காவில் படித்த துறையில் வேலை பார்க்க ஓ.பி.டி. என்ற அனுமதி 12 மாதம், அறிவியல் பொறியியல் படிப்பென்றால் மேலும் 24, ஆனால் முதல் கட்டத்தில் மொத்தமாக 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது. படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே அதற்கு விண்ணப்பிக்கலாம், பட்டமளிப்பு விழா போட்டோ எடுத்த பிறகு தொடங்குகிற வேலை இல்லை அது.

ஏஜன்சிக்காரர்கள் எல்லாரையும் திட்டவில்லை, படிவம் நிரப்புவதில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆலோசனை ஏன் இலவசம் என்று யோசிக்க வேண்டும். சேர்த்துவிடுகிற பிள்ளைக்கு இவ்வளவு என்று பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கிறது. கட்டணமே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை, அதனால்தான் அந்தப் பெயர் போர்டில் அபூர்வமாக வருகிறது. பெற்றோர் கேட்க வேண்டியது ஒரே ஒரு காரியம்: இதே படிப்பில் போன பிள்ளைகளில் மூன்று பேரின் எண் கொடுங்கள், இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று நாங்களே பேசிக்கொள்கிறோம். அறையின் போட்டோவும் விசா ஸ்டாம்ப் போட்டோவும் காட்டினால் அது பதில் இல்லை.

போகும் முன் சான்றிதழ் வேலைகளையும் முடித்துவிட வேண்டும். கலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பருவ மதிப்பெண் தொகுப்பு, திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலிருந்து, பொறியியல் என்றால் பெரும்பாலும் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து. அங்கே போனபிறகு நினைவு வந்தால் வயதான அப்பா அலைய வேண்டும். இங்கே வேலை பார்த்திருந்தால் அனுபவக் கடிதத்தை லெட்டர் ஹெட்டில், தேதியோடு, செய்த வேலை விவரத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும். முதலாளி நல்ல மனநிலையில் இருக்கும்போதே.

கடைசியாக, என் தொழில் சம்பந்தப்பட்டது. கடன் 25 லட்சம், வட்டி 11 சதவீதம், பத்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 34,400 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியைக் கட்டாமல் விட்டால் அது அசலில் ஏறி இன்னும் கூடும். பெரும்பாலும் படிப்பு முடிந்து ஒரு வருடத்துக்குள் தவணை தொடங்கிவிடும், வேலை கிடைத்ததா என்று வங்கி காத்திருக்காது. பிள்ளை திரும்பி வந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐ.டி. கம்பெனி ஒன்றில் புதிதாகச் சேர்ந்தால் அந்த 34,400 சம்பளமாகக் கிடைப்பதே பெரிய விஷயம். எனவே திரும்பி வந்தால் என்ன என்ற கணக்கையும் போகும் முன்பே போட வேண்டும், அதைப் பேசினால் அபசகுனம் என்று வீட்டில் வாயை மூடுகிறார்கள். ரப்பர் விலை நம் கையில் இல்லை, விளை வங்கியின் கையில் இருக்கிறது. ரப்பர் பால் வெட்டிக் கிடைக்கிற காசில் இந்தத் தவணையைக் கட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

உங்களிடம் கேட்பது இதுதான். கல்வி இணைப்பிதழில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள், படித்து முடித்தவர்களைப் பேச வையுங்கள், வேலை கிடைத்தவரையும் கிடைக்காமல் திரும்பியவரையும். நாடு வாரியாக விசா விதி மாறும்போது அந்த வாரமே போடுங்கள், ஏஜன்சி விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே போட்டாலும் நல்லதுதான். செப்டம்பரில் போகிறவர்களுக்கானதை ஏப்ரல், மே மாதத்தில் போட்டுவிடுங்கள். ஆகஸ்டில் போட்டால் பெட்டி கட்டுகிற அவசரத்தில் ஊறுகாய் பாட்டிலைச் சுற்றத்தான் உங்கள் தாள் உபயோகப்படும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.